பத்துப் பேருக்கு ஒரு கண்

ஸ்லிவ்னா
நவம்பர், திமித்ரி திருநாள் கழிந்து ஆறாம் நாள்

தம்பி ஒப்ராத்துக்கு அக்கா தேசா எழுதுவது. உன் கால் புண் ஆறிவிட்டதா? கோட்டைக் குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். இங்கே நானும் மாடும் நலம். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

பெரிய ராஜா இறந்த செய்தியை மணியக்காரர் கொண்டுவந்தார். அவர் ஆத்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார். அடுத்த மூச்சிலேயே ஆள் கேட்டார். எங்கள் பிரபு ராஜாவின் இளைய மகன் பக்கம் சேர்ந்துவிட்டாராம். இளையவரின் சித்தப்பா மகன் ஒருவரும் முடி எனக்கே என்கிறாராம். இருபத்திரண்டு வீடுகளிலிருந்து பதினோரு ஆண்களைக் கொண்டுபோனார்கள். உன் அத்தான் பெர்கோவும் அதில் ஒருவர்.

எல்லா ஊரையும் போலத்தான் இந்த ஊரும். மற்ற நாளெல்லாம் எங்கள் ஆட்களுக்கு ‘ஏய்’ என்பதுதான் பெயர். மணியக்காரர் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது சாட்டையடிக்காகத்தான். அன்றைக்குப் “பெர்கோ எவன்டா?” என்று கேட்டபோது உன் அத்தான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற கிர்தான் முன்னால் போய், “நான்தான் சாமி” என்றான்.

“உன் மூஞ்சி எனக்குத் தெரியாதாடா, நாயே?” என்று மணியக்காரர் அவன் வாயிலேயே அடித்தார்.

கிர்தான் உன் அத்தானுடைய கூடப்பிறக்காத தம்பி. இரண்டு பேரும் தேவாலயத்தில் சிலுவை மாற்றி, முத்தமிட்டு, சகோதரராகச் சத்தியம் செய்தவர்கள். உதட்டில் ரத்தத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். “அண்ணி, அண்ணனுக்கு வர்ற அடியில பாதி எனக்குன்னு சாமி முன்னாடி எழுதியாச்சு” என்றான். அந்தப் பதினோரு பேரில் அவனும் போனான்.

நீ ராஜாவின் கண் போன மூத்த மகனுக்குக் காவல் நிற்கிறாய். அதனால் உன்னை நினைத்து எனக்குக் கவலை இல்லை. குருடருக்கு முடி கிடையாது. சொந்த மகன் எதிர்த்தான் என்று அந்த அப்பன் ஏழு வருஷத்துக்கு முன் அவர் கண்ணைச் சுடச் சொன்னது அதற்காகத்தானே. அவர் பெயரைச் சொல்லிச் சண்டைக்கு யாரும் வரமாட்டார்கள்.

நீ போன பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. அத்தானை நீ இன்னும் பார்த்ததே இல்லை. திரும்பி வந்ததும் அனுப்பி வைக்கிறேன். கடவுளின் தாய் உன்மேல் கண் வைத்திருக்கட்டும்.

*

கமென் கோட்டை
டிசம்பர், வர்வாரா திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு ஒப்ராத். காலுறை வந்தது. கால் பரவாயில்லை. இங்கே வாற்கோதுமை ரொட்டியும் வெங்காயமும் கிடைக்கின்றன. நீ மாட்டைத் தனியாகக் கறக்கிறாயா, யாராவது துணைக்கு வருகிறார்களா?

அத்தானை நினைத்து வருந்தாதே. இந்தச் சண்டை குளிர் முடிவதற்குள் ஓய்ந்துவிடும்.

மூத்தவர் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் கட்டு. நாலைந்து நாளாகப் பிரபுக்கள் குதிரையில் வந்து போகிறார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஊரில் யாராவது அவருடைய கண்ணைப் பற்றிப் பேசினால் நீ அதில் கலந்துகொள்ளாதே. நான் அவருக்குக் காவல் இருப்பதையும் சொல்லாதே.

வேறு விசேஷமில்லை. கிறிஸ்து பிறப்புக்கு எனக்காகவும் ஒரு ரொட்டி பிட்டு வை.

*

ஸ்லிவ்னா
ஜனவரி, கிறிஸ்து பிறப்பு கழிந்து ஒன்பதாம் நாள்

தம்பிக்கு அக்கா. உனக்காகப் பிட்டு வைத்த ரொட்டியைக் கோழிக்குப் போட்டேன். என் உடம்புக்குக் குறைவில்லை. உன் உடம்புக்கும் இருக்காது என்று நினைக்கிறேன், ராஜாவின் ஆளாயிற்றே.

கிறிஸ்து பிறப்பன்று உங்கள் கோட்டைத் தேவாலயத்தில் மூத்தவர் கட்டை அவிழ்த்தாராமே. புனித பந்தெலி கனவில் வந்து கண்ணைத் தொட்டாராமே. எங்கள் பாதிரியார் அழுதுகொண்டே படித்தார். மணி அடித்தார்கள். எல்லோரும் மண்டியிட்டார்கள், நானும்தான். முழங்காலில் நின்றபடியே நான் கணக்குப் போட்டேன். அவர் குருடராகவே இருந்திருந்தால் இளையவர் முடி சூடியிருப்பார், உன் அத்தான் இந்நேரம் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருப்பார். இப்போது சித்தப்பா மகன் மூத்தவர் காலில் விழுந்துவிட்டாராம். அண்ணனுக்கும் தம்பிக்கும்தான் சண்டை. ஆனால் பனியில் படுத்துக் கிடப்பவர்கள் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். நீ ஏழு வருஷம் அவர் வாசலில் நின்றவன். அற்புதத்தை நீ பார்த்தாயா? அதற்கு முன்னால், அவர் கண்ணைச் சுட்ட இரும்பைப் பிடித்தது யார்?

உனக்கு எழுத்துச் சொல்லித்தந்த நம் அப்பாவும் ஒரு பாதிரியார்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுது.

*

கமென் கோட்டை
பிப்ரவரி, திரிபோன் திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு ஒப்ராத். நலம் விசாரிக்க நேரமில்லை. நாளை மூத்தவரோடு கிளம்புகிறோம், இங்கே இப்போது அவர்தான் ராஜா. இனி எழுதினால் இபார் ஆற்றங்கரை முகாமுக்கு எழுது. உப்பு ஏற்றிவரும் குதிரைக்காரர்கள் கொண்டுவருவார்கள்.

இரும்பு என் கையில்தான் இருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மற்றவர்கள் ராஜ வம்சத்தைத் தொடப் பயந்து என்னைத் தள்ளிவிட்டார்கள். அவரைத் தூணில் கட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் அவர் மெதுவாக, “தம்பி, உன் கையில இருக்கு” என்றார். அக்கா, அதுவரை பிரபு வீட்டில் எவனும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. இரும்பைக் கண்ணிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்தேன். இமை வெந்தது, புருவம் பொசுங்கியது. உள்ளே படவில்லை. தேவைக்கு மேலேயே கத்தினார். அன்றைக்குப் போட்ட கட்டை ஏழு வருஷம் அவிழ்க்கவில்லை.

நல்லது செய்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எரித்துவிடு. என்னை அவர் இப்போது பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். பிரியத்தால் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

*

ஸ்லிவ்னா
மார்ச், நோன்பின் இரண்டாம் வாரம்

தம்பி ஒப்ராத், நீ உயிரோடு இருப்பதாகக் குதிரைக்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அது போதும். என் நலத்தை அப்புறம் கேட்கலாம்.

இளையவர் தோற்றுச் செத்துவிட்டார். எங்கள் பிரபு என்ன செய்தார் தெரியுமா? அன்று மாலையே குதிரையை விட்டு இறங்கி, பனியில் முழங்காலிட்டு, புது ராஜாவின் கையை முத்தமிட்டார். நிலம் திரும்பக் கிடைத்தது. நேற்று வீடு வந்துவிட்டார். பன்றி அறுத்துச் சாப்பிட்டார்கள், வாசனை இங்கே வரைக்கும் வந்தது. அவர் இழுத்துப்போன எங்கள் ஆட்கள் மட்டும் ராஜ துரோகிகளாம். உங்கள் முகாமில் பட்டியில் அடைத்து வைத்திருக்கிறார்களாம்.

பெர்கோவைக் கண்டுபிடி. அடையாளம் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு அழுகை வருகிறது. உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. தாடி எல்லோருக்கும் இருக்கிற தாடி. முகத்தில் மச்சம்கூடக் கிடையாது. ஸ்லிவ்னா பெர்கோ யார் என்று கேள். பெண்டாட்டி பெயரைக் கேள், தேசா என்பார். வேறு எப்படிச் சொல்ல?

ஒரு ராஜா மகனுக்காக உன் கை ஒரு விரல் தள்ளி நின்றது. அதே கைதான் இப்போதும் இருக்கிறது. உன் அக்கா கேட்கிறேன்.

*

இபார் முகாம்
மார்ச் இருபதாம் நாள்

அக்காவுக்கு ஒப்ராத். நலம்.

அத்தான் வீடு வருவார். தலை போகவில்லை. தீர்ப்பு கண்ணுக்கு மட்டும்தான். பத்துப் பேரை ஒரு கயிற்றில் கோத்து அனுப்புகிறோம். வழி காட்டப் பத்துப் பேருக்கு ஒரு கண்ணை விட்டுவைக்க உத்தரவு. ஸ்லிவ்னாக் கயிற்றின் அந்த ஒரு கண்ணை அத்தானுக்கு வாங்கிவிட்டேன். கயிற்றின் முன்னால் வருவார்.

சுத்தமான துணியும் தேனும் முட்டை வெள்ளைக்கருவும் தயாராக வை. புண்ணில் தண்ணீர் படவிடாதே.

என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

*

ஸ்லிவ்னா
ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள்

ஒப்ராத், உன் கண்கள் நலமா?

கயிறு வந்தது. பதினோரு பேரில் ஒருவர் சண்டையிலேயே போய்விட்டார், மற்றப் பத்துப் பேரும் வந்தார்கள். ஓடையைத் தாண்டி வரும்போதே ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஓடினோம். முன்னால் வருபவர் பெர்கோ என்று உன் பேச்சை நம்பிச் சிரித்துக்கொண்டே ஓடினேன். முன்னால் வந்தவன் கிர்தான். அவனுக்குத்தான் ஒரு கண் இருந்தது. அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உன் அத்தான். இரண்டு குழி.

“யாரு மூச்சு வாங்குறது? தேசாவா?” என்று கேட்டார்.

நடந்ததை இரவில் அவரே சொன்னார். எந்தக் கோபமும் இல்லாமல், யாரோ ஒருவனுக்கு நடந்ததைப் போலச் சொன்னார். முகத்தில் துணி கட்டிய ஒருவன் இரும்போடு வந்து, “ஸ்லிவ்னா பெர்கோ எவன்?” என்று கேட்டானாம். நீ தூரத்துக் கோட்டையில் இருப்பதாகத்தான் இவர் நினைத்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், தனியாக இழுத்துக் கழுத்தை வெட்டப்போகிறான் என்று வாயை இறுக்கிக்கொண்டார். கிர்தானும் அப்படித்தான் நினைத்தான். அண்ணனுக்குப் பதில் செத்துப்போகலாம் என்று முன்னால் போய் நின்றான். “நான்தான்.”

“பொண்டாட்டி பேரு?”

“தேசா.”

சாகப் போனவனுக்குக் கண் கிடைத்தது. அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதற்குள் இவருடைய முறை வந்துவிட்டது.

யாரை ஏசுவது? கிர்தானையா? அவன் என் வாசல் மண்ணில் உட்கார்ந்து, கண் உள்ள பக்கத்தையும் துணியால் கட்டிக்கொண்டு, சாப்பிட மாட்டேன் என்கிறான். உள்ளே கூப்பிட்டால் நிலைப்படியில் முட்டிக்கொள்கிறான். பெர்கோ அவனை ஏசினார்: “டேய், கட்ட அவிழுடா. இருக்குறது ஒண்ணு, அதையும் மூடி வச்சா எனக்கு யாருடா சோத்துல ஈ விழுந்தத சொல்றது?”

துணி கட்டியவன் யார் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீ எழுது. ராஜா மகனுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்த கை இவர்களுக்கு ஏன் தள்ளிப் பிடிக்கவில்லை?

*

ஸ்லிவ்னா
ஜூன் முதல் வாரம்

ஒப்ராத், இரண்டு தடவை குதிரைக்காரர்கள் வந்தார்கள், இரண்டு தடவையும் வெறுங்கையோடு. நீ செத்திருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆகவே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

புது ராஜா தன் கண் திரும்பியதற்கு நன்றியாகப் புனித பந்தெலிக்குக் கோயில் கட்டுகிறார். எங்கே தெரியுமா? எங்கள் மேட்டில். சுவர் எழும்பிவிட்டது. பிரபு நிலத்துக்குக் கொடுக்கும் இரண்டு நாள் போக, வாரத்தில் இன்னும் இரண்டு நாள் கோயிலுக்கு. மணியக்காரர் வீடு வீடாக வந்தார்.

“எங்க வீட்டுல ஆம்பளைக்குக் கண்ணு இல்ல சாமி” என்றேன்.

“கால் இருக்குல்ல? சுண்ணாம்பு மிதிக்கக் கண்ணு எதுக்கு?” என்றார்.

பெர்கோ மற்ற எட்டுப் பேரோடு குழியில் இறங்கி, சுண்ணாம்பையும் நறுக்கிய வைக்கோலையும் மிதிக்கிறார். அந்தப் பூச்சின்மேல்தான் புனிதர் ராஜாவின் கண்ணைத் தொடுகிற படம் வரையப் போகிறார்களாம். முதல் நாள் மேஸ்திரி, “பாத்துடா, தெறிச்சா கண்ணு போயிடும்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உன் அத்தான், “போனா போகட்டும் மேஸ்திரி, நமக்கு வேற குடுப்பாங்க” என்றாராம். குழியே சிரித்ததாம். அவர் பாதம் வெந்து தோல் உரிந்து வருகிறது. தேன் தீர்ந்துவிட்டது. வெண்ணெய் தடவுகிறேன்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

*

கமென் கோட்டை
ஜூன், பேதுரு திருநாள்

அக்கா, நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஏப்ரலில் வந்த உன் கடிதத்தை இத்தனை நாளும் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

பட்டியில் நாற்பது பேர். முதல் ஆளுக்கு முன்னால் ராஜா என்னிடம் வந்தார். தோளில் கை வைத்துச் சிரித்தார். “இரும்ப எவ்வளவு தூரத்துல புடிப்பன்னு எனக்குத் தெரியும் தம்பி. இன்னைக்குத் தள்ளி நிக்காத” என்றார். பக்கத்தில் ஒருவனை மெழுகுவர்த்தியோடு நிறுத்தினார். ஒவ்வொருவனுக்கும் முடிந்த பிறகு அவன் கண்ணருகே சுடரைக் கொண்டுபோவான். இமை துடித்தால் நான் மறுபடி செய்ய வேண்டும். அப்படியும் மொராவா ஆற்றங்கரை ஊரான் ஒருவனுக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். சுடர் வந்தது. இமை துடித்தது. என்னால் அவனுக்கு இரண்டு தடவை.

தப்புவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை வைத்துத்தான் வேறு எவனும் தப்ப முடியாமல் செய்தார்.

ஆனால் நீ கேட்டது வேறு. உண்மையைச் சொல்கிறேன். மெழுகுவர்த்தி இல்லாமல் இருந்திருந்தாலும் நாற்பது பேருக்கும் தள்ளிப் பிடித்திருப்பேனா? தெரியவில்லை. அன்றைக்குத் தூணில் அவர் தம்பி என்றபோது என் கை நடுங்கியது. இவர்கள் ‘சாமி, சாமி’ என்று கெஞ்சினார்கள். என்னைச் சாமி என்றார்கள், அக்கா. கை நடுங்கவில்லை.

பந்தெலி எந்தக் கனவிலும் வரவில்லை. ராஜாவின் கண்ணைச் சுடாமல் விட்டவன் நான். நாற்பது பேரின் கண்ணை ராஜா சொல்லிச் சுட்டவனும் நான். பாதிரியார் ஸ்தானிஸ்லாவின் மகன் ஒப்ராத், என் கையால் எழுதி, பெயர் போட்டிருக்கிறேன். இதை எரிக்கச் சொல்ல மாட்டேன். உன் இஷ்டம்.

*

ஸ்லிவ்னா
ஜூலை எட்டாம் நாள்

ஒப்ராத்துக்குத் தேசா. உன் கடிதத்தை வந்த அன்று மாலையே சத்தமாகப் படித்தேன். வீட்டில் பெர்கோவும் கிர்தானும் இருந்தார்கள். துணி கட்டியவன் யார் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

 பிறகு பெர்கோ, “அப்ப கூப்பிட்டது உன் தம்பியா? எனக்குக் கண்ணு குடுக்கவா கூப்பிட்டான்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பேரச் சொல்லிக் கூப்பிட்டு நல்லது செய்வான்னு எவனுக்குத் தெரியும்?” என்றார்.

கிர்தான் எழுந்து வெளியே போய், ஒற்றைக் கண்ணில் மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெர்கோ, “கொளுத்திடு. அவன் செத்தா எனக்குக் கண்ணு வரப்போகுதா?” என்றார். நான் கொளுத்தவில்லை. இதுவரை நான் அவர் பேச்சை மீறியதில்லை.

பந்தெலி திருநாளன்று கோயிலுக்கு ராஜா வருகிறார். ஒன்பது ஊர்ச் சனங்கள் வருவார்கள், பிரபுக்கள் வருவார்கள். எங்கள் குருடர்களை வாசலில் நிறுத்தி வைப்பார்களாம், புனிதரின் மகிமை தெரிய வேண்டுமாம். அன்றைக்கு உண்மை சொல்லப்பட வேண்டும். யாரும் முடியை இறக்கி வைக்கப்போவதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ராஜாவைப் பார்த்து, ‘உன் கண்ணைக் காப்பாற்றியவன் குடியானவன், எங்கள் கண்ணைப் பிடுங்கியவன் நீ’ என்று ஒரே ஒரு தடவையாவது அந்த முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் எங்கள் ஆட்கள் அந்தக் குழியில் இறங்கினால், பொய் என்று தெரிந்தே இறங்கட்டும்.

நீ வந்து சொல்கிறாயா, நான் படிக்கட்டுமா? நான் படித்தால் அவர்கள் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். அதற்குள் உனக்குக் கடற்கரைக்குத் தப்பி, துப்ரோவ்னிக்கில் கப்பல் ஏற நேரம் கிடைக்கும். நன்றாக யோசித்துச் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக் கை போகிறது. எழுதாமல் விடுகிறேன்.

*

கமென் கோட்டை
ஜூலை பதினேழாம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு, கிர்தானுக்கு, ஒப்ராத் எழுதுவது. மூவரும் நலமாக இருக்க வேண்டும். சுண்ணாம்புப் புண்ணுக்கு வெண்ணெய் ஆகாது. ஆட்டுக் கொழுப்பு தடவு. குதிரைக்காரனிடம் ஒரு சிமிழ் கொடுத்திருக்கிறேன்.

நீ படிக்க வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே நான் நடக்கிறேன். கடற்கரைப் பாதையில் இல்லை. திருநாளுக்கு முன்தினம் உங்கள் மேட்டில் இருப்பேன்.

என் முகம் அத்தானுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். ராஜா கோயில் வாசலுக்கு வந்து, மணி நின்றதும், கூட்டத்தின் பக்கம் திரும்பி அத்தான் என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடட்டும். ஒப்ராத் எவன் என்று கேட்கட்டும்.

நான் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன்.